பாலத்தடிக் கட்டை

ஆவுடையார்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரகதீஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடைக்கும் லீவு, அடுப்புக்கும் லீவு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டப்பா தேடக் கிளம்பிவிடுவாள். ஜியோகேச்சிங் என்று பேர். யாரோ ஒருவர் சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, இடத்தைச் செல்போன் ஆப்பில் போட்டிருப்பார். கண்டுபிடிப்பவர் உள்ளேயிருக்கும் தாளில் பேரெழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கணக்கில் ஒன்று ஏறும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவர் பழக்கிவிட்டது.

மீமிசல் பக்கம் ஒருமுறை தேடிப் போனபோது, அவளுக்கு முன்னாலேயே ஒருத்தி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா? நான் எடுத்துட்டேன், போங்க!"

டப்பாவை ஆட்டிக் காட்டிச் சிரித்தவள் பிளெஸ்ஸி. அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். அன்று பிடித்த சிநேகம், அன்றே பிடித்த போட்டி. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பாதியில் எழுந்து டப்பா தேடி ஓடுவார்கள். ஒருத்தி முந்திவிட்டால் மற்றவளுக்குச் சோறு இறங்காது.

"முந்நூறை நான்தான் மொதல்ல தொடுவேன்," என்பாள் பிளெஸ்ஸி.

முந்நூறுக்கு ஏழெட்டே பாக்கி என்றிருந்தபோது அவளுக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. வைத்தியத்துக்காகத் திருச்சிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள்; நடையும் போயிற்று. பிரகதீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. பிளெஸ்ஸியின் ஆட்டோ போகும் வழியில், இறங்கியதும் கைக்கு எட்டுகிற மாதிரி நாலு டப்பாக்களை வைத்தாள். நாலையும் எடுத்த பிளெஸ்ஸி அன்றைக்கே போன் செய்தாள்.

"அக்கா, நீங்க வச்சது டப்பாவா, பிச்சையா?"

"ஏய், என்னடி பேச்சு இது?"

"பாவம் பாத்து வெக்கிறதுன்னா வேணாம். திணற வைங்க. அப்பத்தான் நான் இன்னும் ஆட்டத்துல இருக்கேன்னு அர்த்தம்."

பிரகதீஸ்வரி திணறவே வைத்தாள். விறகுக்குக்கூட யாரும் தொடாத உளுத்த கருவேலங்கட்டை ஒன்றைக் குடைந்து, உள்ளே தாளைச் சுருட்டிவைத்து, ரோட்டோரச் சின்னப் பாலத்தின் அடியில் அங்கே கிடந்த மற்ற கட்டைகளோடு போட்டாள். நடக்கவே வேண்டாம், ஆனால் லேசில் கண்ணில் படாது.

பிளெஸ்ஸி இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாம் தடவை பிரகதீஸ்வரியும் கூடப் போனாள். பிளெஸ்ஸியை அவள் தம்பி அருள்ராஜ் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தான். பிளெஸ்ஸி கல்லைப் புரட்டினாள், சந்து சந்தாக விரலை விட்டாள். அந்தக் கட்டையின் மேலேயே காலை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிரகதீஸ்வரி சொல்லிவிட வாயைத் திறந்தாள். பிளெஸ்ஸி கையைக் காட்டித் தடுத்தாள்.

"சொன்னீங்கன்னா ஒங்ககூடப் பேசவே மாட்டேன். அடுத்த வாரம் வாரேன், பாருங்க."

அடுத்த வாரம் அவள் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கிருந்து உயிரோடு வரவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அருள்ராஜ் கடைக்கு வந்தான். "அது எங்க இருந்துச்சுன்னு காட்டுங்கக்கா."

பாலத்தடியில் கட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கக்கா இதக் கால்ல மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சே! கையில எடுத்துக் குடுத்திருக்கலாம்ல நீங்க? என்ன கொறஞ்சுபோயிருக்கும்?"

அவன் தாளை உருவி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். பிளெஸ்ஸி என்று எழுதப் போகிறான் என்று தெரிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. அவ ஒத்துக்க மாட்டா."

"அவதான் இல்லையேக்கா!"

சொல்லிவிட்டு அவன் உடைந்து அழுதான். பிறகு கட்டையையும் தாளையும் அவள் காலடியில் போட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஸ் ஒன்று பாலம் அதிரக் கடந்தது. பிரகதீஸ்வரி தாளில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்தாள். மறுபடி சுருட்டிக் கட்டைக்குள் வைக்கத்தான் கை வரவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.