ஏழாம் மாடிக் கதவு

திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை நோன்பாக நான் மீன் தொடுவதில்லை. மீன் இல்லாமலா என்று பக்கத்து வீட்டு வங்காளிகள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

போன வருஷம் எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்க் கேரல் குழு பாடப் போகவேண்டிய வீடுகளின் பட்டியலை நான்தான் எழுதினேன். ஆரோக்கியத்தின் வீட்டை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பாட்டுப் பயிற்சியில் எல்லார் முன்னாலும், "உங்க சுருதி சேரல சார்" என்று சொன்னவர் அவர்.

நியூ டவுனில் அவர் இருக்கும் கட்டடத்திலேயே, பதினோராம் மாடி வீட்டில் பாடிவிட்டு இறங்கினோம். லிஃப்ட் ஏழில் நின்றது. கதவு திறந்ததும் எதிரே ஆரோக்கியத்தின் மனைவி. அவர்கள் வீட்டு வாசலில் ஸ்டார் எரிந்தது. உள்ளே நாங்கள் நிற்க இடம்விட்டு நாற்காலிகளை ஒதுக்கியிருந்தார்கள்.

"மேல பாட்டுச் சத்தம் கேட்டுச்சுண்ணே. அடுத்து நம்ம வீடுதானேன்னு கூப்பிட வந்தேன்."

பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே போனேன். எங்களை வரவேற்க வீட்டிலேயே தங்கிவிட்ட ஆரோக்கியம் எழுந்து வந்து, "நீங்களே ஆரம்பிங்க சார்" என்றார்.

ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே சுருதி விலகியது. இந்த முறை அவர் தன் குரலை என் குரலோடு சேர்த்துக்கொண்டார்.

அத்தனை நாளும் நான் விட்டிருந்தது மீனை மட்டும்தான்.