சிவப்புக் கண்ணாடி ஜன்னல்

என் மாமியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. எனக்கு வலிப்பு நோய் உண்டு. அதைச் சாக்காக வைத்து என்னை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டு, என் மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தவர் அவர். பால்குடி மறக்காத பிள்ளை. நான் இல்லாமல் அது என்ன செய்யும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

கடல் தாண்டி வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்குப் பட்டறையில் வேலை. எந்தப் பணக்கார வீட்டில் பார்த்தாரோ, எங்கள் சாமி அறை ஜன்னலுக்கும் சிவப்புக் கண்ணாடி போட்டார். ஜன்னலுக்கு நேர் மேற்கே தண்டவாளம். பொழுது சாயும்போது நீளமான சரக்கு ரயில் போகும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே வெயில் வந்து வந்து மறையும். அறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம் பளிச் பளிச்சென்று வெட்டும். சரியாக அந்த நேரத்தில்தான் நான் ஜன்னலைப் பார்த்து நின்று விளக்கேற்ற வேண்டும். ஏற்றுவேன், விழுவேன். கண் விழித்தால் வாயில் ரத்தம், கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து.

அடுப்படியில் விழாதவள், குழாயடியில் விழாதவள், சாமி விளக்கின் முன்னால் மட்டும் ஏன் விழுகிறாள்? மாமியார் கேட்டது சரியான கேள்விதான். பேய் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மழை மூட்டமான நாட்களில் நான் விழுவதில்லை என்பதை யார் கவனித்தார்கள்? நான்தான் கவனித்தேன். ஒருநாள் கண்ணில் தூசி விழுந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு விளக்கின் முன் நின்றேன். ரயில் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நின்றேன்.

அந்தச் சிவப்பு வெட்டுதான் என்னைத் தள்ளுகிறது, கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள் என்று கணவரிடம் கெஞ்சினேன். சிரித்தார். மாமியாருக்கோ, சாமிக்கு முன்னால் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும் மருமகளைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்து, ரயில் சத்தம் கேட்டதும் கண்ணைப் பொத்தியிருந்த என் கையைப் பிடித்து இழுத்தார். அத்தனை பேர் முன்னாலும் விழுந்தேன். எழுந்தபோது அடுத்த கப்பலில் என்னை அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அந்தக் கண்ணாடியை உடைத்தேன். ஒரு சில்லு மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை. ஓடி வந்த மாமியார் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேய் உடைத்துக்கொண்டு போய்விட்டதாம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் வந்த கணவர் கோபத்தில் குதித்தார். சம்பளம் வந்ததும் அதே சிவப்பில் வாங்கிப் போடுவேன் என்றார். மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"அது போன வழிடா. திரும்பக் கண்ணாடிய வச்சு வழி காட்டாத. பலகை அடிச்சு மூடு."

பெற்ற தாய் பேச்சு. அன்றைக்கே பலகை அடித்தார். அதன் பிறகு நான் அந்த அறையில் விழவில்லை, கப்பல் பேச்சும் அடங்கியது. என் பிள்ளை என்னிடமே வளர்ந்தாள். அந்தப் பொம்பளை எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. தெரியாமல் செய்தது. அவர் சாகும்வரை நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.