வெள்ளிக்கிழமை சாப்பிடாத பூனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எங்கள் பூனையைப் பற்றி ஆம்பூரில் ஏற்கெனவே ஒரு கதை உலவுகிறது. அதை மறுத்தால் மார்க்கத்தில் குறைவைத்தவன் என்பார்களோ என்று பயம்.

பூனைக்கு வயதாகிக் கண் இரண்டும் பூத்துவிட்டன. பல்லும் இல்லை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் பதனிட ஊறும் தொட்டிகளில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவேன், இடுப்பு விட்டுப்போகும். வந்ததும் சோற்றைக் கறிச்சாற்றில் பிசைந்து விரலால் ஊட்ட வேண்டும். பாதியைத் துப்பும். பிறகு அது நனைத்த சாக்கை அலச வேண்டும். அல்லாஹ் ஒப்படைத்த உயிர் என்று செய்தேன். அலுப்பில்லாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் வாய் திறக்காது. ஜும்மாவுக்குக் குளித்து அத்தர் பூசிய கையைச் சீறித் தள்ளும். பக்கத்து வீட்டம்மாள் பார்த்துவிட்டு, "நோன்பு வெக்குது பாருங்க. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இது தேவலை" என்றாள். பேச்சு பரவியது. பிள்ளைகளைக் கூட்டிவந்து அதன் தலையைத் தொடவைத்தார்கள்.

பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டு பல நாள் வேலைக்குப் போகவில்லை. மனைவி ஊட்டிப் பார்த்தும் பூனை ஒரு வாய்கூடத் தின்னவில்லை. தடவினால் எலும்புதான் கையில் தட்டியது.

"அவருக்காக நோன்பு இருக்குது. கலைக்காதீங்க" என்றாள் பக்கத்து வீட்டம்மாள்.

"நோன்புன்னா சாயந்தரம் திறக்கணுமே. இது எப்பம்மா திறக்கும்?" என்றாள் என் மனைவி.

அன்று மாலை, துவைக்காமல் மூலையில் கிடந்த என் வேலை லுங்கியில் பூனை முகத்தைப் புதைத்து நக்கிக்கொண்டிருந்தது. மனைவி அதையே பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அந்தப் பட்டை நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்பவள் அவள். அடுப்பெரிக்க நான் தொட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த பட்டைச் சக்கையை நனைத்து முழங்கைவரை தேய்த்துக்கொண்டாள்.

"இன்னா பண்றே?" என்றேன் படுத்தபடி.

"கண்ணு போனா இன்னா, நாத்தத்தை வெச்சு உங்களைத் தெரிஞ்சுக்குது. பேசாம படுங்க."

பிஸ்மில்லாஹ் சொல்லி, சோறு பிசைந்த விரலை நீட்டினாள். பூனை மோந்து பார்த்தது. நக்கியது. பிறகு தின்றது. நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போனேன்.

பூனை மழைக்காலம்வரை உயிரோடு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவளே பட்டை தேய்த்து ஊட்டினாள்.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடி சொல்லுங்கள். நோன்பைச் சேர்க்க வேண்டாம். அவள் கையைச் சொல்லாமல் விடவும் வேண்டாம்.