மனுவோடு போன மாத்திரைச் சீட்டு

"…அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சீட்டு இருந்தா மாத்திரை, இல்லாட்டி இல்ல. உன் மூஞ்சியும் தெரியும், உன் வீட்டுக்காரர் மூஞ்சியும் தெரியும். நாளைக்கு டாக்டர் கணக்குக் கேட்டா மூஞ்சியையா எடுத்துக் காட்டுவேன்?"

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கம்பவுண்டர் இப்படிச் சொன்னார். நல்ல மனிதர்தான். இரண்டு வருஷமாக மாதாமாதம் நான் நீட்டுகிற சீட்டின் முதுகில் ஒரு சுழி போட்டுவிட்டு, முப்பது மாத்திரையைப் பொட்டலம் கட்டித் தருவார். "வீட்டுல ராசா சௌக்கியமா?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்காமல் அனுப்ப மாட்டார். அன்றைக்குக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு. தினம் ஒரு மாத்திரை உள்ளே போனால் போதும், ஏர் பிடிப்பார், நாற்றுக்கட்டு சுமப்பார், ஊரையே சிரிக்க வைப்பார். "நின்னா ஆளு, சாஞ்சா நெல்லு மூட்டை" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். ஒரு தடவை மாத்திரை தீர்ந்துபோய், நான்காம் நாள் சேற்று வயலில் குப்புற விழுந்தார். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். பக்கத்து வயல்காரர் முடியைப் பிடித்துத் தூக்கியிராவிட்டால் அன்றோடு போயிருப்பார். இப்போது வீட்டில் இரண்டே மாத்திரை மிச்சம். நடவு நேரம் வேறு.

சீட்டு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அந்த ஜன்னலில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. பதிவதற்கு ருஜு, எழுத்தில் அத்தாட்சி, கேட்டார்கள். குத்தகை நெல்லுக்கு எங்கள் பக்கம் எவர் ரசீது கொடுத்தார்? நாங்கள் உழுத நிலம் மாத்திரை எழுதித் தருகிற இந்த டாக்டருடையதுதான். வீட்டுக்காரர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடிவிட்டு, கடைசியில் மாத்திரைச் சீட்டை எடுத்தார்.

"மேல அவர் பேரு அச்சுல இருக்கு. நடுவுல எம் பேரு. கீழ அவர் கையெழுத்து. இதவிட என்ன புள்ள ருஜு வேணும்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. இங்கிலீஷில் இருந்த மற்றதை இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. மனுவோடு சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால், அன்று காலையில் தாலுகா ஆபீசில் போய் அழுதேன். குமாஸ்தா கட்டைப் பிரித்துச் சீட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "மருந்துச் சீட்டைக் காட்டி நெலம் கேட்ட ஆளு நீங்கதாம்மா." ஆனால் சீட்டைத் தரவில்லை. "முத்திரை குத்தியாச்சு. மனுவ வாபஸ் வாங்குங்க, காயிதம் கூடவே வந்துடும்."

வாபஸ் வாங்கினால் நிலம் போகும். வேறு டாக்டரிடம் போக மாயவரம்தான் போகவேண்டும்; நடவுக் கூலிச் சண்டையில் மூன்று நாளாக அங்கே பஸ் ஓடவில்லை. அத்தனை தூரம் அவரை நடத்திக் கூட்டிப்போகவும் பயம். அதனால்தான் திரும்ப இந்த ஜன்னலுக்கே வந்து நின்றேன்.

"சீட்டு மனுவோட போயிடுச்சுங்க" என்றேன்.

"எந்த மனு?"

"குத்தகை மனுதாங்க."

கம்பவுண்டர் முகம் மாறிவிட்டது. உள்ளே போனார். திரைக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

திரும்பி வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "ஆளு நேர்ல வரணுமாம். வரும்போது மனுவ வாபஸ் வாங்கின காயிதமும் கொண்டாரணுமாம்."

"அவரு வரமாட்டாருங்க. நெலத்த விடமாட்டாரு. வயல்ல எறங்காமலும் இருக்கமாட்டாரு. நாலே நாலு மாத்திரை குடுங்க, உங்க கால்ல விழறேன்."

"யக்கா, கொஞ்சம் நகரேன்" என்றாள் எனக்குப் பின்னால் பாட்டிலோடு நின்றவள். "புள்ளைக்குச் சுரம் அனலாக் கொதிக்குது."

நான் நகரவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரிக்குக் கீழே கிடந்த காலிப் பாட்டில் ஒன்றை எடுத்தார். சளிக்கும் சுரத்துக்கும் வயிற்றுவலிக்கும் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுகிற சிவப்பு மிக்சரைக் கழுத்துவரை நிரப்பினார். வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதத்தைக் கோணாமல், நிதானமாக, அதில் ஒட்டினார். பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் நின்றவளின் பாட்டிலுக்குக் கையை நீட்டினார்.