சிரித்தால் தெரியும் தழும்பு

அன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக, டாக்டர் மங்கையர்க்கரசி சொல்லியிருந்தபடி, வலது கன்னத்துத் தழும்பின் மேல் வெயில் களிம்பைத் தடவினேன். குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது செல்போன் அடித்தது. டாக்டரின் நர்ஸ் ஸ்டெல்லா. "அக்கா, மேடம் ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

மூக்கோரம் ஆறாமலிருந்த கறுப்புப் புண் தோல் புற்றுநோய் என்று தெரிந்து, மூன்று வருடங்களுக்கு முன் டாக்டரிடம் போனேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க யாராவது எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். "வெட்டி எடுத்துடலாம்மா, உயிருக்குப் பயமில்ல" என்றார் டாக்டர். நான் முகம் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டேன். அதை அவர் அற்பமாக நினைக்கவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, என் கன்னத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

தையல் பிரித்துச் சில மாதங்கள் கழித்து, விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தார். தழும்பு கன்னத்து மடிப்போடு மடிப்பாகப் போயிருந்தது.

"அருமையா வந்திருக்கு. தேடினாதான் தெரியும்."

"எனக்குத் தெரியுது டாக்டர்."

"எப்போ?"

"சிரிச்சா."

சிரித்துக் காட்டச் சொன்னார். சொன்னால் சிரிப்பு வருமா? அப்போதுதான் அந்த ஜோக்கைச் சொன்னார். நைட் ஷிஃப்ட் முடித்து நேராகப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிவிட்டான். எழுப்பினால், "ஓவர்டைம் உண்டா சார்?" என்று பெண்ணின் அப்பாவைக் கேட்டானாம். சிரித்துவிட்டேன். மேலுதடு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. டாக்டரின் முகம் மாறியது.

"இத்தனை வருஷமா எல்லாரையும் வாயை மூடி உட்காரவெச்சே பாத்திருக்கேன். நான் தையலப் பாத்தேன், நீங்க முகத்தப் பாத்தீங்க."

அதன்பிறகு முகத்தில் அறுவை செய்துகொண்ட அத்தனை பேருக்கும் அந்த ஜோக் கிடைத்தது என்பது, இன்று அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொள்வாள். "தழும்பு எப்படின்னு நீங்க மொதல்ல சொல்லுங்க. நான் சொல்லிட்டா அதுக்கே தலையாட்டுவீங்க" என்று அவர் கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ஒருமுறை எனக்கு முன்னால் வாலாஜாபாத்துப் பெரியவர் ஒருவர் உள்ளே இருந்தார். கதவு திறந்திருந்தது. நெற்றியில் தடித்த தழும்பு. டாக்டருக்கு அது உறுத்தல்; சரிசெய்துவிடலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"இன்னாத்துக்குமா? இத்தப் பாத்தா பஸ்ல எந்திரிச்சி எடம் வுடறானுங்க. ரவுடின்னு நெனச்சிக்கினு கீறானுங்க. நீ கெடுத்துடாத!"

டாக்டர் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

என் உதட்டைச் சரிசெய்ய இன்னொரு சின்ன அறுவை போதும் என்றார். ஆடிட் இருக்கிறது, மகளுக்குப் பரீட்சை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். "பயமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கத்திக்குப் பயமில்லை. உதடு சரியாகிவிட்டால் அவரிடம் போகக் காரணம் இருக்காது. என் முகத்தை அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் பார்த்ததில்லை. நான் அவரிடம் போனது சனிக்கிழமைகளில்தான். இப்போதும் அந்த நாளில், ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் வந்தால் கால் தானாக ஓரடி முன்னே போகிறது.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு கேள்வி. போன வாரம் எங்கள் கேன்டீனில் எண்ணெய் தெறித்துக் கழுத்தில் வடுப்பட்ட பெண் வேலைக்குத் திரும்பினாள். 'ஒன்றுமே தெரியவில்லையே' என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டு, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "கண்ணாடியத் திருப்பி வச்சிருக்கேன் மேடம்" என்று ஆரம்பித்தவள், வெகுநேரம் பேசினாள்.

டாக்டரின் இடத்துக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர், உதட்டைச் சரிசெய்ய நான் எப்போது வருகிறேன் என்று ஸ்டெல்லா மூலம் கேட்டனுப்பியிருக்கிறார். இனி தள்ளிப்போட்டு யாரைப் பார்க்கப் போகிறேன்? அடுத்த வாரம் போய், செய்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் யாரிடமும் சொல்லவில்லை; உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.