லெந்து நாளில் ராக் கச்சேரி

அந்தப் பாட்டு எனக்கானது இல்லை என்று முதலில் சொன்னவர் என் அப்பா. தொண்ணூறுகளில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மில்லர்புரத்து வீட்டில் டேப் ரிக்கார்டர் அலறியதைக் கேட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தவர், "ஏளா, இது பாட்டா, இல்ல எவனும் வெல்டிங் வைக்கானா?" என்றார்.

கேசட் என் தோழியுடையது. அவள் திரேஸ்புரத்துக்காரி. அவளுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் சோப்பு, சென்ட்டோடு சில கேசட்டுகளும் கொண்டுவருவார். அதில் இரண்டு ராக் குழுக்கள்தான் எங்களுக்கு உயிர். கிதாரை அடித்து நொறுக்குகிற மாதிரி ஒரு சத்தம்; அதற்கு மேலே, அழுகிறதா திட்டுகிறதா என்று தெரியாத ஒரு குரல். பாதி வார்த்தைகள் எங்களுக்குப் பிடிபடவில்லை. கோபம் பிடிபட்டது. அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, நாடா இழுபடும்வரை போட்டுப் போட்டுக் கேட்டோம்.

பிறகு நான் வேதியியல் டீச்சர் ஆனேன். அவள் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். கல்யாணம், பிள்ளைகள், மூட்டுவலி எல்லாம் வந்தன. பாட்டு போகவில்லை. கேசட்டிலிருந்து சிடிக்கும் சிடியிலிருந்து போனுக்கும் மாறியதோடு சரி.

போன வருடம் ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"ஏளா, ரெண்டு குரூப்பும் வாரானுவ. ஒரே மேடை. பெங்களூர்ல."

"டிக்கெட் போடு" என்றேன். தேதியைப் பிறகுதான் கேட்டேன். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முன் கேளிக்கை எதுவும் கூடாத நோன்பு நாட்களில், ஒரு சனிக்கிழமை.

எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் பல வருடங்களாக நான் ஆல்டோ; மெட்டுக்குக் கீழே போகும் பெண் குரல். புனித வெள்ளிப் பாடல்களுக்கான ஒத்திகை சனிக்கிழமை சாயங்காலங்களில்தான் நடக்கும். அதனால் காரணம் சொல்லியாக வேண்டும். "கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வாயேன்" என்றாள் தோழி. அவள் கத்தோலிக்கப் பெண்; எங்கள் லெந்து அவளுக்குத் தவக்காலம். அந்த நாட்களில் மீன் கறியைக்கூட விட்டுவிடுகிறவள், இதை மட்டும் விடமாட்டேன் என்றிருந்தாள்.

"எதுக்குப் பொய் சொல்லணும்? கள்ளக்கடத்தலா பண்ணப் போறோம்?" என்றேன்.

குழுவை நடத்துகிறவர் பேங்கில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி. ஒத்திகை முடிந்ததும், எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னேன்.

"கச்சேரியா? லெந்து நாள்லயா?"

"ஆமா அண்ணாச்சி."

"என்ன கச்சேரி?"

"ராக்."

மெட்டைப் பாடும் சோப்ரானோ வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "டீச்சர், இந்த வயசுல இதெல்லாம் வேணுமா? ஒங்ககிட்ட படிக்க பிள்ளைய என்ன நினைக்கும்?"

"டீச்சருக்குப் பாட்டு பிடிக்கும்னு நினைக்கும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "போறதா இருந்தா, புனித வெள்ளிக்கு நீங்க குழுவுல நிக்க வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு அண்ணாச்சி."

வீட்டில் என் கணவர், "அவுக சொல்லுததுலயும் ஞாயம் இருக்குல்லா?" என்றார்.

"இருக்கட்டும். நான் போறேன்."

வெள்ளிக்கிழமை அவரே எங்கள் இரண்டு பேரையும் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்றார்.

பெங்களூரில் மைதானத்து வாசலில் எங்களைப் பார்த்ததுமே ஒரு காவலாளி, "ஆன்ட்டி, சேர் எல்லாம் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். "நாங்க நிக்கத்தான் வந்திருக்கோம் தம்பி" என்று தோழி அவரைத் தாண்டி நடந்தாள். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். சுற்றிலும் எங்கள் பிள்ளைகள் வயதுக்காரர்கள்.

பாடகர் வந்தார். கேசட் அட்டையில் தோள்வரை முடியோடு இருந்தவருக்கு இப்போது வழுக்கையும் தொந்தியும். "எங்க அண்ணன் மாதிரில்லா ஆயிட்டான்!" என்றாள் தோழி. முதல் பாட்டிலேயே, உச்சத்தில் அவர் குரல் உடைந்தது. சுருதியை இறக்கிப் பாடியிருக்கலாம். இறக்கவில்லை. அடுத்த முறையும் அதே உச்சத்துக்குப் போனார், மறுபடியும் உடைந்தது, அந்த உடைந்த குரலிலேயே பாடி முடித்தார். எனக்கு அழுகை வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் வியப்போடு திரும்பி, "உங்களுக்கு எல்லா வரியும் தெரியுதே?" என்றாள். "நீ பிறக்கதுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் தோழி.

இரண்டாவது குழுவில் பாடிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நரைக்குச் சாயம் பூசவில்லை. அவர் பாடும்போது, மறுபடியும் கல்லூரிப் பெண்ணாகிவிடுவேன் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. முழங்கால் வலித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கோபம் இந்த வயதில்தான் எனக்குச் சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு யார்மேல் கோபம் என்றே தெரியாமல் கோபப்பட்டேன். இன்றைக்கு ஆள் தெரியும், இடம் தெரியும்.

நாங்கள் வியர்வையில் நனைந்து நின்ற படத்தைத் தோழி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்தாள். ஊர் திரும்புவதற்குள் அது சபை முழுக்கச் சுற்றிவிட்டது. அடுத்த ஒத்திகையில் அண்ணாச்சி சற்று இறங்கித்தான் வந்தார். "ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லிருங்க டீச்சர். இதோட முடிச்சிருவோம்."

"எதுக்கு வருத்தப்படணும், அதைச் சொல்லுங்க."

அண்ணாச்சி அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புனித வெள்ளியன்று வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், குழுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். சபை எழுந்து மெட்டைப் பாடியது. நான் ஆல்டோ பாடினேன். பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழுவில் மிச்சமிருந்த இரண்டு ஆல்டோக்கள் அதுவரை தடுமாறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் சரணத்தில் என் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சியின் கை ஒரு நொடி காற்றில் நின்றது. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் பாடினேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம், ஒத்திகைக்கு வரச் சொல்லும் செய்தி வழக்கம்போல என் போனுக்கும் வந்தது. போய் என் இடத்தில் நின்றேன். முதல் பாட்டின் பாதியில் அண்ணாச்சி நிறுத்தினார்.

"ஆல்டோ, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் குறைக்கவில்லை.