கருநாக்கு ஜீப்புக்காரர்

பீர்மேட்டில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப் ஓட்டியவர் அவர். ஒட்டிய கன்னம், நனைந்த குல்லா. மழை நாளில் ஒரு வளைவு வந்தால் எல்லோரையும் இறக்கிவிடுவார். "மண்ணு எறங்கும். நடந்தா சத்தம் கேட்டு ஓடலாம்" என்பார். வெறும் ஜீப்பைத் தனியாக ஓட்டிக் கடந்து, அந்தப் பக்கம் காத்திருப்பார்.

அன்று எனக்கு ஸ்பானிஷ் பரீட்சை. முன்சீட்டில் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ன வார்த்தை தம்பி?" என்றார் ஜீப்பை ஓட்டியபடியே.

"அகொரேரோ. கெட்டது வரும், கெட்டது வரும்னு சொல்லிக்கிட்டே இருக்கிறவன். அப்படிப் பேசுனா, 'அகொரேரோவா இருக்காதே'ன்னு அங்க வாயடைப்பாங்களாம்."

"நம்மூரு கருநாக்கு!" என்றார் பின்னாலிருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஜீப்புக்காரரும் சிரித்தார். வளைவு வந்ததும் பிரேக் போட்டார்.

"எறங்குங்க."

நனைந்தபடி நடந்தோம். மண் சரியவில்லை. திரும்ப ஏறும்போது கேட்டேன்.

"எதுக்குண்ணே இம்புட்டுப் பேச்சு வாங்குறீங்க?"

"சரிஞ்சா என் நாக்குதான் காரணம்பாங்க. சரியலைன்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டும் தம்பி. சிரிக்கிறதுக்கு ஆளு உசிரோட இருக்கணும்ல."

பரீட்சையில் அந்தச் சொல் வந்தது. பொருளை எழுதிவிட்டேன். வாக்கியத்தில் அமைக்கும்போதுதான் பேனா நின்றது. அவரைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவரை ஏச மனமும் வரவில்லை.